தோளில் எஞ்சிய கை

இந்தோனேசியாவின் செமாராங்கில், எங்கள் பொருளியல் துறையின் வாசலில், துறைத்தலைவர் ஹர்சோயோ பேராசிரியராக உயர்ந்ததை வாழ்த்தி வந்த பூப்பலகைகள் மூன்று நாள் வெயிலில் அழுகி நிற்கின்றன. அந்த நாற்றம் அறைக்குள்ளும் வருகின்றது. உள்ளே, இளம் விரிவுரையாளர் வெனிங், துறையின் இணையதளத்திற்கு அவரைப் பற்றிய செய்தியைத் தட்டச்சுச் செய்கின்றாள். மீனவர் வறுமையைக் குறித்து அவள் ஈராண்டு அலைந்து எழுதிய ஆய்வு, அவர் பெயரில் மட்டுமே வெளிவந்திருக்கின்றது. அவள் பின்னால் நின்று அவர் லும்பியா என்னும் பொரித்த சுருளைத் தின்கின்றார். எண்ணெய் வடியும் துணுக்கொன்று அவள் தோளில் விழுகின்றது. "கடற்கரையில நானே தங்கி ஆராய்ஞ்சேன்னு போடும்மா." "நீங்க ஒரு நாள்கூட வரலையே, சார்." "உன் வேலை நிரந்தரமாகணும்ல? கையெழுத்து நான்தான் போடணும்." அவள் தட்டச்சுச் செய்கின்றாள். திரையில் ஒரு படம்: கருவாடு உலர்த்தும் மீனவப் பெண் சுமியாத்தியின் தோளை வெனிங் அணைத்து நிற்கின்றாள். "உன்னை வெட்டிடு." வெட்டுகின்றாள், சுமியாத்தியின் தோள்மீது வெனிங்கின் கை மட்டும் எஞ்சுகின்றது. "இதையும் எடுத்துடவா, சார்?" "இருக்கட்டும். பாக்குறவன் என் கைன்னு நினைச்சுக்குவான்." "வளையல் போட்டிருக்கே, சார்." "யாரு உத்துப் பாக்கப் போறா?" அவர் விரல்களை நக்கிக்கொண்டே சிரிக்கின்றார். சுமியாத்தி இன்னும், வெட்டப்பட்ட பக்கமே திரும்பிப் புன்னகைத்துக்கொண்டிருக்கின்றாள்.