ஸ்பீக்கரில் பெரியப்பா

“யார் பேசுறது?” என்று வீட்டுக்கார அம்மா அதட்டினாள்.

“அவளோட பெரியப்பாம்மா” என்றேன். ஃபோனில் பல் தெரியாது என்று தெரிந்தும் இளித்தேன்.

நான் அந்த வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பெரியப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. மில் தொழிலாளர் சங்கத்துக்காரன்.

வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண்களைச் சங்கத்தில் சேர்க்கக் கிளம்பினோம். சங்கம் என்றாலே கதவைச் சாத்துகிறார்கள். உறவுக்காரர் என்றால் மட்டும் பெண்ணிடம் ஃபோனைக் கொடுக்கிறார்கள். சரி, உறவாகிவிடுவோம் என்று தீர்மானம் போட்டோம். பொருளாளர் ஒருத்திக்குத் தாய்மாமன். மகளிர் அணித் தலைவி ஊரில் பாதிப் பேருக்கு அத்தை.

மைக் இல்லாமலே மில் கேட்டை அதிரவைத்த தொண்டை இது. இப்போது “சாப்பிட்டியாம்மா?” என்று குழைகிறது. என்ன கண்றாவி!

இந்த வீட்டில் இன்னொரு வில்லங்கம். உறவென்றாலும் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். வீட்டுக்கார அம்மா பக்கத்திலேயே நிற்பாள்.

இன்று எனக்கு ஒரே வேலை. அந்தப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு நாள் லீவு கிடையாது அவளுக்கு. அவள் கூட்டத்துக்கு வந்துவிட்டால், அந்தத் தெருவில் மற்றப் பெண்களுக்கும் துணிச்சல் வரும்.

சட்டம் பேசினால் காரியம் கெடும். அதனால் கெஞ்சினேன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒருத்தனுக்காக அடுப்பு மூட்டச் சலிப்பாக இருக்கிறது, டிவியை அணைத்தால் வீடே பயமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளையை அனுப்பி வையுங்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை.

“போயிட்டு வரட்டும். பாவம், உங்களுக்குந்தான் யாரு இருக்கா” என்றாள் வீட்டுக்கார அம்மா.

ஜெயித்துவிட்டோம். அவள் உள்ளே போனதும் பெண் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

“தோழர், அசத்திட்டீங்க! பெரியம்மா செத்த கதையில அந்தம்மா கண்ணைத் தொடச்சிக்கிட்டே போறாங்க. எப்படி தோழர், சட்டுனு இதெல்லாம் தோணுச்சு?”

நானும் சிரித்தேன். தோன்றவில்லை, நடந்தது என்றா சொல்ல முடியும்?

தோழர் என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இன்றைக்கு ஒரு தடவை, ஸ்பீக்கர் இல்லாமல், பெரியப்பா என்று சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே வர வேண்டும் என்று கேட்டாள்.

வாயில் முதலில் வந்தது என் வீட்டு விலாசம். தெருப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, சங்க ஆபீசுக்கு வழி சொன்னேன்.