டெட்ராய்ட் பரம்பரை

ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் பழைய அமெரிக்கக் கார் ஒன்றும் புது மின்சாரக் காரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

"எங்கள் பரம்பரை டெட்ராய்டில் தொடங்கியது. குதிரை வண்டிகளையே ஓரங்கட்டியவர்கள் நாங்கள்!" என்று பழைய கார் ஓயாமல் பெருமை பேசும்.

"உங்கள் கம்பெனிதான் இந்த நாட்டை விட்டே போய்விட்டதே!" என்று புதுக் கார் சிரிக்கும். பழைய காருக்கு வலிக்கும்.

ஒரு நாள் அதை வாங்க ஒரு தம்பதி வந்தார்கள். வீட்டுக்காரி, ஞானதுரை சாரின் மகள் பியூலா, சாவியைக் கொடுக்குமுன் பின்சீட்டில் சற்று நேரம் உட்கார்ந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமையானால் அப்பா எங்களை மணப்பாட்டுக் கடலுக்குக் கூட்டிப்போவார். திரும்பும்போது சீட் முழுக்க மணல். அம்மா திட்டுவாங்க, அப்பா பாடிக்கிட்டே ஓட்டுவார்," என்றாள்.

"இது எந்தக் கம்பெனி வண்டிம்மா?" என்று வந்த பெண் கேட்டாள்.

பியூலா ஏதோ நினைவில், "எங்க அப்பா வண்டிங்க," என்றாள்.

பழைய கார் அதைக் கேட்டது. தம்பதியோடு போன வழி நெடுக அது அந்தச் சொல்லையே அசைபோட்டது.

புது வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் விசாரித்தது: "அண்ணே, நீங்க யாரு?"

"நான் ஞானதுரை சார் வண்டி," என்றது கார்.