பிஸ்கட் ரயில்

பிஸ்கட் டப்பாவோடு ஒருகாலத்தில் இலவசமாகக் கொடுத்த அந்தப் பொம்மை ரயில் மேசைமேல் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகளில் அச்சிட்ட விளம்பரம் அழியாமல் இருந்தால்தான் கண்காட்சிக்கு எடுப்பார்கள். காலையில் தூசி துடைக்கப்போன கோமளா, சோப்புத் துணியால் கடைசிப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெறும் தகரமாக்கிவிட்டாள். கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பக்கத்தை உட்புறமாகத் திருப்பிவைத்து, கண்ணில் படாதபடி வட்டத்தின் நடுவே பெரிய பூச்சாடி ஒன்றையும் வைத்திருந்தாள்.

“ஸ்டேஷனுக்குப் பதிலா பூச்சாடியா?” என்று சிரித்தார், தேர்வு செய்ய வந்திருந்த தேவசகாயம்.

“இவ வச்சது சார். இருக்கட்டும்,” என்றார் கணவர் பரமேசுவரன்.

“அந்தக் கடைசிப் பெட்டியக் கையில எடுத்துப் பாக்கலாமா?”

காப்பித் தட்டோடு வந்த கோமளா கணவரைப் பார்த்தாள். யார் கேட்டாலும் வண்டியை நிறுத்தி எடுத்துக் கொடுக்கிறவர் அவர்.

“பழைய மோட்டார் சார். நிறுத்தினா மறுபடி கிளம்பாது,” என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினார் பரமேசுவரன்.

“ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க.”

“எல்லாம் இவ கைவேலைதான்.”

சொன்னவர் ரயிலைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தேவசகாயம் தோள்பையை எடுத்தார்.

“இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க சார்,” என்றாள் கோமளா.