இன்றைக்கு மட்டம் யார்?

“தளவாய் இன்னைக்கும் மட்டம்தான். பாத்துக்கிட்டே இருங்கக்கா.”

ஜெர்சன் தோளில் இருந்த கயாக் படகைப் படித்துறையில் போட்ட வேகத்தில், வெள்ளம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

படகு விடுகிற இந்த மூணு பேர் கணக்கில் தாமிரபரணிக்கு மூணு மட்டம். துவைக்கிற கல் தெரிந்தால் சின்ன மட்டம். கல் முங்கினால் நடு மட்டம். படித்துறைப் பிள்ளையாரின் பீடத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டால் பெரிய மட்டம். இன்றைக்குப் பிள்ளையார் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சின்ன மட்டத்துக்குத் தளவாய் முதல் ஆளாக வந்து நிற்பான். அதில் துடுப்புப் போடுவதைவிட மணலில் போட்டை இழுப்பதுதான் அதிகம். சலிக்காமல் இழுப்பான். இந்த வருசம் கல் முங்கியதோ இல்லையோ, ஆளைக் காணோம். ஒரு தடவை நடவு. ஒரு தடவை மதினிக்கு வளைகாப்பு. ஒரு தடவை வயிற்றுப்போக்கு. இத்தனைக்கும் வீடு படித்துறைக்குப் பின்னாலேயேதான் இருக்கிறது.

‘மட்டம் ஏறினா மட்டம் போடுதவன்’ என்று ஜெர்சன் அவனுக்குப் பட்டமே கொடுத்துவிட்டான்.

ஜெர்சனுக்குப் பெரியம்மா மகள் எமில்டா. அடுத்த வாரம் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிறாள். அதற்குள் பெரிய மட்டத்தில், அணைக்கட்டுக்குக் கீழே இருந்து ஏரல் பாலம் வரைக்கும், மூணு பேரும் சேர்ந்து போயே தீருவது என்று ஜெர்சன் ஒற்றைக்காலில் நின்றான்.

“போன வருசம் இதே தண்ணியில பாறையில மோதிக் கவுந்தவன் நானு. நானே திரும்ப எறங்குதேன். இவனுக்கு என்ன கேடு?”

அன்றைக்குக் கவிழ்ந்தவனை இழுத்துக் கரையில் போட்டது தளவாய்தான். முன்னால் போய்விட்ட எமில்டாவுக்கு விஷயமே பாலத்துக்குப் போன பிறகுதான் தெரியும். பாறை கிழித்த லைஃப் ஜாக்கெட்டையும் தளவாய்தான் வாங்கிக்கொண்டு போய்த் தைத்துக் கொடுத்தான். கிழிந்த இடமே தெரியாது. அதெல்லாம் சரி. அதற்காக, பயந்தவனைப் பயந்தவன் என்று சொல்லக் கூடாதா என்ன?

கவிழ்ந்ததற்குப் பிறகு ஜெர்சனே ஒரு சட்டம் போட்டான். கல் முங்கிவிட்டால் ஜாக்கெட் இல்லாமல் எவனும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

தளவாய் வந்தான். கையில் பைக் சாவி மட்டும் இருந்தது.

“நீங்க கெளம்புங்க. நான் பாலத்துல வந்து நிக்கேன்.”

“ஏம்லே, இன்னைக்கு என்ன? மாட்டுக்குக் காய்ச்சலா?”

“சோலி கெடக்கு.”

“பயமா இருக்குன்னு சொல்லு. ஆத்தங்கரையில பொறந்தவனுக்கு ஆத்தைப் பாத்தா பயம். சொல்லிட்டுப் போ.”

தளவாய் சாவியைத் திருகிக்கொண்டு நின்றான்.

“அக்கா ஊருக்குப் போறாவ. இன்னைக்கு நீ வரலைன்னா இனிமே என் மூஞ்சியில முழிக்காத.”

தளவாயின் முகம் சுண்டிப்போனது. அப்போதும், “நேரமாவுது, கெளம்புலே” என்றுதான் சொன்னான்.

எமில்டாவுக்குப் பொறுக்கவில்லை. துடுப்பைக் கீழே வைத்தாள்.

“இவன் எப்படி வராம இருக்கான்னு நான் பாக்கேன். ஜாக்கெட்டை எடுத்து மாட்டிவிட்டா தன்னால வாரான்.”

“வேண்டாம்க்கா, நில்லுங்க” என்று தளவாய் பின்னாலேயே ஓடினான். அவள் நிற்காமல் அவன் வீட்டுக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஆரஞ்சு ஜாக்கெட் இருந்தது. காயல்பட்டினத்து நண்பன் ஷாம் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை மூன்றும் ஒரே மாதிரிதான். ஆனால் இது அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் கிழிந்து, உள்ளே இருந்த மிதவை போய், வெறும் துணியாகத் தொங்கியது.

எமில்டா நேராக ஜெர்சனிடம் வந்து, அவன் போட்டிருந்த ஜாக்கெட்டின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

தண்ணீரில் போகிற பிள்ளைக்குப் பனிமய மாதா மெடலை உள்பக்கம் தைத்து அனுப்புவது அவர்கள் வீட்டு வழக்கம். ஜெர்சனின் அம்மா நீல நூலால் தைத்திருந்தாள். இப்போதும் மெடல் இருந்தது. ஆனால் அதைப் பிடித்திருந்தது நெல் மூட்டை தைக்கிற சணல். தையலும் கோணல்மாணலாக ஓடியது.

நீல நூலின் மிச்சம் கிழிந்த ஜாக்கெட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெர்சன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அதைத் தைக்க முடியலலே” என்றான் தளவாய், தரையைப் பார்த்து. “ஷாம் அடுத்த தடவை வாரப்ப ஒண்ணு கொண்டாரேன்னு சொல்லியிருக்கான். அதுவரைக்கும்தான்.”

“அதுக்கு உன்னோடத எனக்குத் தருவியா? ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“சொன்னா நீ வாங்க மாட்ட.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “எனக்கு நீந்தத் தெரியும்லா.”

எமில்டா காதில் அது விழுந்துவிட்டது.

“ஏன், இவனுக்குத் தெரியாதாக்கும்? கடற்கரையில பொறந்தவம்லா.”

தளவாய் சட்டென்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“தெரியும்க்கா. நல்லா நீந்துவான்.”

 

ஜெர்சன் ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். தளவாய் தடுக்கத் தடுக்க, அவன் தோளில் மாட்டி இழுத்துப் பூட்டினான்.

“எனக்கு நீந்தத் தெரியாதுக்கா. இவனுக்கு மட்டும்தான் தெரியும்” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். பிறகு தளவாயின் கையிலிருந்த பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

“போட்டுல ஏறுலே. இன்னைக்கு நான் மட்டம்.”