வீடியோ திருடன்

நிலக்கோட்டை மல்லிகை மாலையோடு வத்தலக்குண்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய முகேஷ்குமார், யூட்யூபில் வீடியோ கேம் விளையாடியே புகழ்பெற்ற ‘ஜாய்ஸ்டிக் ஜமீன்’ சோலைமுத்துவின் வீட்டுக் கதவைத் தட்டினான்.

“அண்ணே, நான் உங்க வெறியன். உங்க வீடியோவை ஒரு பய, வசனம்கூட மாறாம திருடியிருந்தாண்ணே!”

சோலைமுத்து மாலைக்குக் கழுத்தை நீட்டினான். “வயித்தெரிச்சல் தம்பி. ஒருத்தன் உழைப்பை இன்னொருத்தன் திருடலாமா? படைச்சவனுக்கு உரிமை இல்லையா?”

“விடுவோமாண்ணே? நம்ம ரசிகர் அம்புட்டுப் பேரும் புகார் குடுத்து, அவன் சேனலையே தூக்க வச்சுட்டோம்.”

சோலைமுத்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “நீதாம்ப்பா என் கூடப்பொறந்தவன்! காப்பி குடிச்சுட்டுத்தான் போகணும்.”

முகேஷுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அதோட விட்டேனா? அவன் வீடியோ, உங்க வீடியோ ரெண்டையும் தேதியோட படம் புடிச்சு, பக்கத்துல பக்கத்துல வச்சு எல்லா குரூப்லயும் போட்டுட்டேன். இந்நேரம் லட்சம் பேரு பாத்திருப்பாக.”

சோலைமுத்துவின் பிடி தளர்ந்தது. “தேதியோடயா?”

“பின்னே? என்னா நெஞ்சழுத்தம் பாருங்கண்ணே அந்தப் பயலுக்கு... நீங்க போடுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே திருடிட்டான்!”