ஒன்பது மரக்கட்டைகள்

“மனிசிக்கு மறதி கூடிப்போச்சு டொக்டர். நான் சொல்லுறது ஒண்டும் ஞாபகத்தில நிக்குதில்லை” என்றார் கதிர்காமநாதன். பக்கத்துக் கதிரையில் விமலேஸ்வரி தலைகுனிந்து இருந்தார்.

வவுனியாவில் இருந்த அந்தக் கிளினிக்கில் டொக்டர் ஒரு சோதனை வைத்தார். ஆறு இலக்கங்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லக் கேட்டார். விமலேஸ்வரி மூன்றாவதிலேயே தடுமாறினார். பொறுமையிழந்த கதிர்காமநாதன் ஆறையும் கடகடவென்று ஒப்புவித்தார். பின்னாலிருந்தும் சொல்லிக் காட்டினார்.

“ஐயாவுக்கு நல்ல ஞாபகம். இதையும் ஒருக்காச் செய்து பாருங்கோ.”

டொக்டர் மேசையில் ஒன்பது மரக்கட்டைகளைப் பரப்பி, நான்கை ஒவ்வொன்றாகத் தொட்டார். அதே வரிசையில் தொடவேண்டும். கதிர்காமநாதனின் விரல் இரண்டாவதிலேயே தவறியது. மூன்று முறை முயன்றும் சரிவரவில்லை.

“இது சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டு” என்று சிரித்தபடி எழுந்தார். “இவவுக்கு நல்ல மருந்தா எழுதுங்கோ. நான் வெளியில நிக்கிறன்.”

கதவு சாத்தியதும் டொக்டர் குரலைத் தாழ்த்தினார்.

“கேட்டதை வைச்சிருக்கிற ஞாபகம் வேற, பார்த்த இடத்தை வைச்சிருக்கிற ஞாபகம் வேற அம்மா. ஐயா நல்லாக் கதைக்கிறதால ஒருத்தருக்கும் தெரியவராது. நீங்கள் வீட்டில ஏதும் வித்தியாசம் கண்டனீங்களே?”

“போன மாதம் எங்கட வயலிலயிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் வாய்க்கால் வரம்பில நிண்டவர். தனக்கு மருந்தெடுக்கவெண்டு கூப்பிட்டால் வரவேமாட்டார்.” விமலேஸ்வரி கண்களைத் துடைத்துக்கொண்டார். “அதான் டொக்டர், ஒரு மாதமா எல்லாத்தையும் மறந்தமாதிரி நடிச்சனான்.”