எட்டு எண்ணோடு கிளம்பிய பொட்டலம்

நெட்வொர்க் வேலை பார்க்கும் என் அறைத்தோழி முத்தழகி, தன் அலுவலகத்தில் யாரோ சொல்லக் கேட்டுவந்து எனக்குச் சொன்ன கதை இது.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று ஒரு கல்லூரி விண்ணப்பத்தின் துண்டைச் சுமந்துகொண்டு, இணையத்தில் 'பாக்கெட்' எனப்படும் ஒரு குட்டித் தகவல் பொட்டலம் கிளம்பியது. அதன் நெற்றியில் எட்டு என்று எழுதியிருந்தது. வழிகாட்டும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பொட்டலம் குப்பைக்குப் போகும்.

"அண்ணே, கல்லூரிக்கு எப்படிப் போகணும்?"

"மேற்கே இருக்கறவரைக் கேளு தம்பி, அவருக்கு எல்லாம் அத்துப்படி," என்றது கிழக்கு ரவுட்டர். எண் ஏழானது.

"கிழக்கே அவ்வளவு பெரிய ஆள் இருக்க, என்கிட்ட வந்தியாக்கும்!" என்று சிரித்துத் திருப்பி அனுப்பியது மேற்கு ரவுட்டர். எண் ஆறானது.

இப்படியே அலைந்து, ஒன்று மட்டும் மிச்சமிருக்க, பொட்டலம் மறுபடி மேற்கு ரவுட்டரிடம் வந்து நின்றது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு நெசமாவே வழி தெரியுமா?"

மேற்கு ரவுட்டர் கொஞ்சம் யோசித்தது. "அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்," என்றது. பிறகு வழக்கம்போல ஒன்றைக் குறைத்தது.

பின்னால் நான் சரிபார்த்தேன். எண் தீர்ந்த பொட்டலத்தை எறியும் ரவுட்டர், பெரும்பாலும் அனுப்பியவருக்கு ஒரு தகவல் அனுப்புகிறது. அந்தத் தகவலில் அனுப்புநர் என்ற இடத்தில் அது தன் சொந்த முகவரியைத்தான் போட வேண்டும்; அங்கே அடுத்தவரைக் கைகாட்ட முடியாது.